ஹோர்ட்டன் சமவெளியும் நமது கமராக்களும்



பெருநாள் விடுமுறையோ பாடசாலைத் தவணை விடுமுறையோ நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "நுவரெலியாவுக்குப் போவோமா?" என்பதாகும். நுவரெலியாவில் தொடங்கிய பேச்சு மறுநாளே ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறிவிடும். வேன் பேசப்படும், சோற்றுப் பொதிகள் கட்டப்படும், கைத்தொலைபேசிகள் இரவோடிரவாக மின்னேற்றப்படும். போய் வந்தவர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால் எல்லா வீட்டுப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். உலக முடிவின் விளிம்பில் நின்று ஒரு படம். பேக்கர் நீர்வீழ்ச்சியின் முன் வரிசையாக நின்று ஒரு படம். வாகனத் தரிப்பிடத்தில் மரையொன்றின் வாயில் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு ஒரு படம்.

இந்த மூன்றாவது படத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

கடந்த பதினெட்டு ஆண்டுகளாக, ஆண்டில் இரண்டு தடவையேனும், சில ஆண்டுகளில் நான்கைந்து தடவைகளும், அச்சமவெளிக்குச் சென்று நடந்து, வீடியோப் படம் பிடித்து வருபவன் என்ற முறையில் இதனைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டென எண்ணுகின்றேன். "ஒரே இடத்தை இத்தனை தடவை பார்ப்பதற்கு அங்கே என்னதான் இருக்கிறது?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. முதல் ஐந்தாறு பயணங்களில் எனக்கும் அதற்கு விடை தெரிந்திருக்கவில்லை. போன ஆண்டு பச்சையாக நின்ற மரம் இந்த ஆண்டு வெறும் கொம்பாக நிற்பதையும், போன ஆண்டு மனிதனைக் கண்டு ஓடிய மரை இந்த ஆண்டு வேன் கதவை முகர்ந்து நிற்பதையும் கண்ட பின்னரே மீண்டும் மீண்டும் செல்வதன் பயன் விளங்கியது.

இடத்தைப் பற்றி முதலில் சில சொற்கள். சிங்கள மக்கள் மகா எலிய என அழைத்துவந்த இப்பீடபூமிக்கு, 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராயிருந்த சேர் றொபட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டெயர் பரப்பில், புல்வெளியும் குள்ளமான மலைக்காடும் மாறிமாறிப் பரந்து கிடக்கும் பூமி அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெருங்கங்கைகளுக்கும் நீர் சுரக்கும் ஊற்றுக்கள் அங்கே உள்ளன. கொழும்பில் குழாயைத் திறந்து நாம் வுழூச் செய்யும் களனி கங்கை நீரில் அம்மலைகளின் மூடுபனிக்கும் ஒரு பங்குண்டு என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் கைவைக்காது விட்டுவிடுமாறு தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். அவ்வாலோசனை இல்லாதிருப்பின் கீழே மலைச்சரிவெல்லாம் ஏறிய தேயிலை மேலேயும் ஏறியிருக்கும். அப்படியிருந்தும் 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியைக் கிளறி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சிவனொளிபாத மலைக் காட்டுடனும் சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

ஒரு காலத்தில் அங்கே யானைகளும் திரிந்தன. சாமுவேல் பேக்கர் முதலான வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு ஏறிய இடம் அது. அவர் பெயரைத்தான் நீர்வீழ்ச்சி இன்றும் தாங்கி நிற்கிறது. துப்பாக்கி போய்க் கமரா வந்தது நல்ல மாற்றமே, அதில் ஐயமில்லை. ஆயினும் துப்பாக்கியைக் கண்ட மரை ஓடிப் பிழைத்துக்கொண்டது. கமராவைக் கண்ட மரை ஓடவில்லை, நெருங்கி வந்தது. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

யாலவிலும் வில்பத்துவிலும் குறிக்கப்பட்ட இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்குதல் ஆகாது. ஹோர்ட்டன் சமவெளியிலோ காலால் நடந்துதான் எதனையும் காண வேண்டும். ஒரு காலத்தில் தங்குவிடுதியாயிருந்த ஃபார் இன் கட்டடத்திலிருந்து புறப்பட்டு, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றி மீண்டும் அதேயிடத்துக்கு வந்து சேரும் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமானது. அவசரப்படாதவருக்கு மூன்று, நான்கு மணி நேர நடை. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து உலக முடிவை வெள்ளைத் திரையாக மூடிவிடும். ஆகவே, ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கு நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து வருவோர் இருட்டில் புறப்பட்டு, சுபஹுத் தொழுகையை வழியில் எங்கேனும் நிறைவேற்றிக்கொள்ள நேரிடும். பட்டிப்பொலப் பக்கத்தில், கைகள் விறைக்கும் குளிரில், பனித்துளி படிந்த புல்லில் விரிப்பை விரித்துத் தொழுத காலைகளை நான் மறந்ததில்லை. சனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் அங்கே புல் நுனியில் பனி உறைவதும் உண்டு.

நிற்க. படம் பிடித்தலைப் பற்றிக் கூற வந்தேன்.

அங்கு படம் பிடிப்பவர் முதலில் கற்க வேண்டியது சும்மா நிற்பதாகும். பாதையோரம் ஒரு கல்லின் மீது அமர்ந்து, கமராவை முக்காலியில் ஏற்றி, வாய் பேசாது அரைமணி நேரம் இருங்கள். முதல் பத்து நிமிடங்களுக்கு எதுவுமே இல்லாத காடாகத் தோன்றும். பின்னர் எங்கோ ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்கும். நீரோடைக் கரையில் ஒளிந்து வாழும் இலங்கைச் சீழ்க்கைக் குருவி அது. உலகில் வேறெங்கும் இல்லாதது. விடியலிலும் அந்தியிலுமே பெரும்பாலும் வெளிப்படுவது. அதனை நான் முதன்முதலில் தெளிவாகப் படம் பிடித்தது எனது ஒன்பதாவது பயணத்தில். அந்தக் காட்சி மொத்தம் பதினொரு விநாடிகள். வீட்டில் போட்டுக் காட்டியபோது, "இதற்காகவா ஒன்பது தடவை போனீர்கள்?" என்று மருமகன் கேட்டான். ஆம், இதற்காகத்தான்.

மரைக்கு வருவோம். பாதையிலிருந்து நூறு யார் தூரத்தில், மூடுபனிக்குள் கழுத்தளவு தெரியும்படி நின்று புல் மேயும் ஆண் மரையைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் திரும்பினால் போதும். தலையை உயர்த்தும், காதுகளை விடைக்கும், முன்காலால் நிலத்தை ஓங்கித் தட்டும். காடதிர ஒரு குரல் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். அந்தக் குரல் மற்ற மரைகளுக்கான எச்சரிக்கை. சமவெளியின் சிறுத்தைகளுக்கு மரையே முதன்மையான இரை. அந்த எச்சரிக்கையும் அந்த ஓட்டமும்தான் மரையின் உயிர்க்காப்பு.

இடது காதில் கிழிசல் உள்ள ஆண் மரையொன்றை 2012ஆம் ஆண்டளவில் இளம் கொம்புகளோடு முதன்முதலாகக் கண்டேன். அதைப் படம் பிடிக்க அன்று இரண்டு மணி நேரம் காத்திருந்தும் தெளிவற்ற ஒரு நிழலே கிடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் காதைக் கொண்டே அதனை அடையாளம் கண்டேன். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. காதுக் கிழிசல் மாறாதது. நான்கைந்து ஆண்டுகள் சென்றபின் ஒரு விடுமுறை நாளில் வாகனத் தரிப்பிடத்தில் பெருங்கூச்சல் கேட்டுத் திரும்பினேன். ஒரு வேனின் பக்கக் கதவுக்குள் தலையை நுழைத்து நின்றது அதே மரை. உள்ளிருந்து ஒரு கை அதற்குப் பாண் துண்டொன்றை ஊட்டியது. வெளியே இருபது கைத்தொலைபேசிகள் உயர்ந்திருந்தன. "வாப்பா, வீடியோ எடுங்க! வீடியோ எடுங்க!" என்று ஒரு சிறுமி மகிழ்ச்சியில் துள்ளினாள். பாண் தீர்ந்ததும் மரை அந்தப் பாண் வந்த பையையே மெல்லத் தொடங்கிற்று. அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு அம்மரையை நான் காணவில்லை. அதன் பின்னும் கண்டதில்லை. அதற்கு என்ன நேர்ந்ததென்று நான் கதை கட்டப்போவதில்லை. சிறுத்தைக்கு இரையாகியும் இருக்கலாம், முதுமையினாலும் இறந்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்வேன். கதவருகே வந்து நிற்கப் பழகிய மரைக்கு, ஓட வேண்டிய நேரத்தில் ஓடத் தோன்றாது.

இங்கே நம் வீட்டார் ஒரு கேள்வி கேட்பார்கள். அது நேர்மையான கேள்வி. தட்டிக் கழிக்கக் கூடாதது. "வாயில்லா ஜீவனுக்கு உணவு கொடுப்பது ஸதகா அல்லவா? பச்சை ஈரல் உள்ள எந்த உயிருக்கு உதவினாலும் நன்மை உண்டென்றல்லவா நாம் படித்திருக்கிறோம்?" என்பார்கள். உண்மைதான். தாகத்தால் நாக்குத் தள்ளிக் கிடந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொண்டுவந்து கொடுத்தவரின் செய்தியை மத்ரஸாவின் பாய்களில் அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆயினும் அச்செய்தியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த நாய்க்குத் தாகம் இருந்தது. கொடுக்கப்பட்டது நீர். கொடுத்தவரை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நம் மரைக்கோ பசியில்லை. சுற்றிலும் மூவாயிரம் ஹெக்டெயரில் அதன் உணவு விளைந்து கிடக்கிறது. நாம் கொடுப்பதோ அதன் உணவன்று. இருபது கமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்கமராக்களின் பொருட்டே கொடுக்கிறோம். கமராவை வாகனத்தில் வைத்துவிட்டு மரைக்குப் பிஸ்கட் கொடுத்த ஒருவரையேனும் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. நிய்யத்தை அவரவர் தாமே சோதித்துக்கொள்வாராக.

கொடுப்பதன் விளைவையும் சிறிது அறிந்துகொள்வோம். மரை, மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அதன் வயிற்றின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லையும் இலையையும் நொதிக்கச் செய்து சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. மாவும் சீனியும் நிறைந்த பாணும் பிஸ்கட்டும் திடீரென அதற்குள் போனால் அமிலம் மிகுந்து அவ்வமைப்பே குலைந்துவிடும். உப்பும் இனிப்பும் கண்ட பிராணி, அவற்றின் வாசனை ஒட்டிய பொலித்தீன் உறையையும் விடாது. பொலித்தீன் செரிக்காது, அசைபோட மேலே வருவதுமில்லை, கீழே கழிவதுமில்லை, ஆண்டுக்கணக்கில் உருண்டு திரண்டு வயிற்றை அடைத்துக் கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதாகவே பிராணி உணரும். மேய்வதைக் குறைக்கும். வயிறு நிறையப் பட்டினி கிடந்து சாகும்.

பூங்காவின் வாயிலில் நம் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள்; பொலித்தீன் உறைகளை வாங்கிக்கொள்கிறார்கள்; தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய பெயர்த்தாளையும் கிழித்தெடுக்கிறார்கள். வரிசையில் நிற்போர் முகஞ்சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். "இதையெல்லாமா பார்ப்பது?" என்று நம்மவர் ஒருவர் சினந்ததையும் கேட்டிருக்கிறேன். அவர் பின்னர் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த உறையை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நற்செயலாகக் கற்றுக்கொண்ட சமூகத்தில் பிறந்த ஒருவர், முள்ளைக் கொண்டுபோய் வழியில் போடுவதற்கு இத்தனை சிரமப்படுகிறாரே என்று வியந்தேன்.

படம் எடுப்பதற்கும் ஒரு பொறுமை உண்டென்பதற்கு அச்சமவெளியிலேயே அழகிய சான்று ஒன்று இருக்கிறது. அங்குள்ள மலைக்காட்டில் தேவாங்கின் ஒரு வகை வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உடல், பெரிய கண்கள், குட்டையான கைகால்கள், குளிருக்கேற்ற அடர்ந்த மயிர். 1930களின் பின் அது கண்ணிற் படாதொழிந்தமையால் அழிந்தே போயிற்று என்று பலரும் முடிவு கட்டினர். 2002இல் ஒரு கணம் தென்பட்டது. அதன் பின் இலங்கை ஆய்வாளரும் இலண்டன் விலங்கியல் சங்கத்தாரும் மலைக்காடுகளில் இரவு இரவாக நடந்து தேடினர். இறுதியில் கிடைத்த படம் 2010இல் வெளியிடப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதனைப் பிரசுரித்தன. அவ்வகைத் தேவாங்கின் முதலாவது புகைப்படம் அதுவே. கிளையொன்றைப் பற்றிக்கொண்டு, விளக்கொளியைத் திகைத்து நோக்கும் சிறு பிராணி. அப்படத்துக்காக எவரும் பிஸ்கட் நீட்டவில்லை. பிராணி தன் காட்டில், தன் கிளையில், தன் இரவில் இருந்தது. அதைத் தேடி மனிதர்கள் போனார்கள்.

இதற்கு நேர்மாறாக, பாதையோரப் புதர்களில் வாழும் கொம்பு ஓணானின் கதியைப் பாருங்கள். மூக்கின் நுனியில் வெண்ணிறக் கொம்பு தாங்கிய அது இலங்கையின் மலைகளுக்கே உரியது. ஓடத் தெரியாதது போல மெதுவாக நகரும். தன் நிறத்தையே நம்பி அசையாதிருக்கும். கண்டுபிடித்தவர் அதைக் கிளையிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கிறார். பின் அடுத்தவர் கைக்கு மாறுகிறது. பிறகு ஒரு குழந்தையின் தோளுக்கு. கடைசியில் ஏதேனும் ஒரு புல்லில் விடப்படுகிறது. அது இருந்த புதர் எதுவென்று யாருக்கும் நினைவிராது.

உலக முடிவைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பாறை அது. வானம் தெளிந்த காலையில் கீழே தேயிலைத் தோட்டமும் லயன் வீடுகளும் தீப்பெட்டிகளாய்த் தெரியும். அப்பால் நீர்த்தேக்கங்கள் மின்னும். மிகத் தெளிந்த நாளில் தென்கடலின் கோடும் தென்படும். 2015 பெப்ரவரியில் புதிதாக மணமுடித்து வந்த வெளிநாட்டவர் ஒருவர், மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடி வைத்து விளிம்பிலிருந்து வீழ்ந்தார். நல்வாய்ப்பாகச் சில பத்து மீற்றர் கீழே மரமொன்று அவரைத் தாங்கிக்கொண்டது. இராணுவ வீரர்கள் கயிறுகளுடன் இறங்கி மீட்டனர். அவ்விடத்திலிருந்து வீழ்ந்து உயிர் பிழைத்தவர் அவரைத் தவிர வேறொருவர் இல்லையென அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. இதை அறிந்தும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் நின்று "இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம்" என்று கணவரின் சொற்கேட்டு நகர்ந்த சகோதரியொருவரை இரு ஆண்டுகளுக்கு முன் கண்டு நெஞ்சு பதறினேன். திரைக்குள் பார்ப்பவருக்குத் தரை தெரிவதில்லை.

ட்ரோன் எனப்படும் பறக்கும் கமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிய அனுமதியின்றி அதனைத் தேசியப் பூங்காவுக்குள் பறக்கவிடுதல் குற்றம். அதன் இரைச்சலில் பறவைகள் கலைவதை ஒருமுறை கண்டவர் சட்டம் சொல்லாமலே அதைப் பையில் வைத்துவிடுவார்.

அப்படியானால் கமராவே வேண்டாமென்கிறீரா என வாசகர் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. எனது பையிலும் கமரா இல்லாத பயணம் கிடையாது. நான் வேண்டுவது வேறு. ஒவ்வொரு பயணத்திலும் ஆறு இடங்களில் நின்று, ஒரே திசையை நோக்கி, ஒரு நிமிட வீடியோ எடுப்பது எனது வழக்கம். மனிதர் இல்லை, மிருகம் இல்லை, வெறும் காடும் வானமும். பதினெட்டு ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால் எந்தச் சிறுத்தைப் படத்தையும் விட அது நெஞ்சை உலுக்கும். முதல் ஆண்டுகளில் குடை போல் தழைத்து நின்ற கீன மரங்கள் சில இடங்களில் ஒவ்வொன்றாய் இலையுதிர்ந்து, வெள்ளை எலும்புகளாய் நின்று, பின் சாய்ந்து போகின்றன. மலைக்காட்டின் இந்தப் பட்டுப்போதலைப் பற்றி 1970களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர் எழுதி வருகின்றனர். நீர் வற்றுதல், மண்ணின் சத்துக் குறைவு, காற்று மாசு என அவர்கள் பல காரணங்களை ஆராய்கின்றனர். விடுமுறைக்கு ஒருமுறை செல்பவர் கண்ணுக்குப் பட்ட மரமும் ஓர் அழகிய பின்னணியாகவே தெரியும்.

இன்னொரு பின்னணியும் உண்டு. மஞ்சள் பூக்கள் நெருங்கிப் பூத்த முட்புதர்களின் முன் நின்று நம் பெண்மக்கள் ஆசையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஊலெக்ஸ் எனப்படும் அது அந்த மண்ணுக்குரியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து, புல்வெளியை விழுங்கிப் பரவியது. தொண்டர்கள் கைகளில் முள் குத்த அதை வேரோடு பிடுங்கி வருகிறார்கள். அந்தப் புதரின் முன் எடுத்த படத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது எந்தச் செடி என்று சொல்லிக் கொடுங்கள். அதே பிள்ளைக்கு நெலுச் செடியையும் காட்டுங்கள். நம் பண்டை இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் இனம் அது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, ஒருங்கே மடிவது. 2013இல் அது பூத்தபோது காட்டின் அடித்தளமே நிறம் மாறி நின்றதைப் படம் பிடித்தேன். அடுத்த ஆண்டு அதேயிடத்தில் காய்ந்த குச்சிகளையும் படம் பிடித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்த என் மகள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேட எனக்கு ஒரு மாதம் சென்றது.

முதியவர்களை அழைத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஒன்பது கிலோமீற்றர் நடக்க இயலாத உம்மம்மா ஃபார் இன் அருகே சால்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா அமர்ந்திருக்கட்டும். உலக முடிவுக்கு ஓடிப்போய் ஓடி வந்தவர்களை விட அவர் அதிகம் கண்டிருப்பார். எனது குடும்பத்தில் பல தடவை அப்படி நடந்திருக்கிறது. உணவை வாழையிலையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ கட்டுங்கள். வாகனத்துக்குள் வைத்து உண்ணுங்கள். மரை அருகே வந்தால் கதவை மூடுங்கள். குழந்தை அழும், சிறிது அழட்டும். குளிரில் கமராவின் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால் மேலதிகமாக ஒன்றை உட்சட்டைப் பையில் உடல் வெப்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கமராவை வெதுவெதுப்பான வேனுக்குள் கொண்டுவரும்போது பையை உடனே திறந்துவிடாதீர்கள். வில்லையில் ஈரம் படியும்.

போவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அல்பம் ஒன்று இருக்கும். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ வாப்பா தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக, உம்மா முந்தானையைக் காதுவரை இழுத்துப் போர்த்தியவாறு, ஃபார் இன் முன்னாலோ உலக முடிவுப் பாதையிலோ நின்று எடுத்த படம் ஒன்று அதில் இருக்கக்கூடும். அவர்கள் முகத்தை விட்டுச் சற்றே பின்னால் பாருங்கள். அங்கே எத்தனை மரங்கள் நிற்கின்றன என எண்ணிக்கொள்ளுங்கள். அப்படத்தைக் கையோடு எடுத்துச் சென்று, அதேயிடத்தில், அதே திசையில் உங்கள் பிள்ளைகளை நிறுத்தி இன்னொன்று எடுங்கள். படத்தின் பின்புறம் திகதியைக் குறிக்க மறந்துவிடாதீர்கள்.